மாடி ஜன்னலருகே ஒரு புகைக்குழாய்

கள்ளிக்குப்பம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு லேசான இருமல், அவ்வளவுதான்.

கீழே வீட்டுக்காரர் திருவேங்கடத்தின் மகள் பிரசவமாகி வந்திருக்கிறாள். பிள்ளை பெற்றவள் குளிக்க விறகில் காய்ந்த வெந்நீர்தான் நல்லதென்று புது அடுப்பு வைத்தார்கள். புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றச் சொன்னார் கொத்தனார். வீட்டின் முகப்பு கெட்டுவிடும் என்று, என் மாடி அறை ஜன்னலருகிலேயே நிறுத்திவிட்டார் திருவேங்கடம்.

புகையெல்லாம் என் அறைக்குள் வருகிறதென்று போய்ச் சொன்னேன்.

"இன்னாம்மா, பொகை மேலதானே போவும்?"

"மேல நான் இருக்கேன் சார்."

"அதாம்மா. கொழந்தைக்கு ஆவாதுன்னு கீழ ஒரு பொட்டு பொகை வராம பாத்துக்கினேன்."

மிகவும் பொறுப்பான மனிதர்.

ஜன்னலில் கட்ட உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். அடுப்பை மூட்டிவிட்டார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்
அகல்யா