நாற்பத்தொரு பாட்டில் புனித நீர்

ஃபகராஷ்,
ஜனவரி 19

அன்பு மகள் இலின்காவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடலளவில் நலம். மனத்தைப் பற்றி இவ்வாரம் உறுதி கூற இயலாது. க்ளுஜ் நகரத்துக் குளிரில் நீ வேளைக்கு உண்டு, கம்பளிக் காலுறையோடு நலமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக.

உன் விடுதிச் சிற்றாலயத்தின் அருட்தந்தை எழுதிய கடிதத்தை மூன்று முறை படித்தேன். திருமுழுக்குத் திருநாளில் மந்திரித்து வழங்கியதுபோக எஞ்சியிருந்த நாற்பத்தொரு பிளாஸ்டிக் பாட்டில் புனித நீரை உன் சுற்றுச்சூழல் குழு கை கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டில்களை மறுசுழற்சிக்கு அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீ எழுத்தில் மன்னிப்புக் கோராவிடில் விடுதியில் இடமில்லை என்கிறார். "ஆண்டவரோட படைப்பைக் காப்பாத்தினதுக்கு மன்னிப்பா, அப்பா? அதுக்குப் படிப்பை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேன்" என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து உன் அம்மா சரியாக உண்பதில்லை. நானும் உறங்குவதில்லை.

நீர், பாட்டில் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன். புனித நீரைக் கால் படாத இடத்தில், மரத்தின் வேரிலோ ஓடும் ஆற்றிலோதான் விட வேண்டும் என்பது ஐந்து வயதிலேயே உனக்குத் தெரியும். சாக்கடைக்கு விட்டது தவறு. பாட்டில்களைப் பற்றி நீ சொன்னது தவறன்று. நம் கோவில் பங்கு மன்றச் செயலராக ஞாயிறன்று நானும் அதையே முன்மொழிந்தேன்: அடுத்த ஆண்டு முதல் புனித நீர் வாங்கக் கண்ணாடிப் பாத்திரம் மட்டுமே. பக்கத்து வீட்டு சவேத்தா அம்மாள் எழுந்து, "ஏன்ப்பா சோரின், பொண்ணு சாக்கடையில ஊத்துவா, நீ எங்களுக்குச் சட்டம் போடுவியா? எங்க வீட்டு ஜாடியெல்லாம் ஊறுகாய் வாடை. ஆண்டவரே தும்மிடுவார்!" என்றார். மன்றமே சிரித்தது. வாக்கெடுப்பில் உயர்ந்தது என் கை ஒன்றுதான். களைத்து வீடு திரும்பி உக்கிராண அறையைத் திறந்தால், குடிக்கவும் மனமின்றிக் கொட்டவும் துணிவின்றி ஆண்டுக்கணக்காக நானே சேர்த்து வைத்த ஒன்பது பிளாஸ்டிக் பாட்டில்கள். அவற்றைப் பனியில் தூக்கிச் சென்று பிளம் மரத்தடியில் ஒவ்வொன்றாக ஊற்றினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. உன் குழுவுக்கும் ஒரு மணி நேர வேலைதான், மகளே. செய்திருந்தால் எவராலும் உன்னைக் குறை சொல்ல முடிந்திராது.

ஆகவே நீருக்காக மன்னிப்புக் கேள், முழு மனத்தோடு. பாட்டில்களுக்காக ஒரு சொல்லும் கேளாதே. படிப்பை விட்டு நீ வந்தால் சவேத்தா அம்மாள் சொன்னதே சரியென்று ஆகிவிடும். அவருக்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்னை மரியாள் உன்னைக் காப்பாளாக. வெள்ளிக்கிழமை என்பதை மறவாதே. உன் அம்மா சோடா மாவிட்டு நான்கு முறை கழுவியும் நம் ஜாடியில் ஊறுகாய் வாடை போகவில்லை. அடுத்த திருநாளில் அதைத்தான் ஏந்தி வரிசையில் நிற்பேன். நீயும் உடன் நின்றால் இருவர் ஆவோம்.

உன் தந்தை,
சோரின் மகுரியானு