பின்னால் நடந்தபடி நீங்கள் காட்டிய கடல்

எங்களுக்குக் கடலைக் காட்டிய அப்பாவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மதுரை கோச்சடையில் ஒரு சுற்றுலா நிறுவனம். அவர்கள் இணையதளத்துக்கு எழுத வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை, எனக்கு அது போதும். போன வாரம் மேலாளர் அக்கா ஒரு தலைப்பைக் கொடுத்தார். ‘அமைதியான தீவு: சுற்றிப் பார்க்கவும் குடியேறவும் ஏற்ற நாடு.’ நீங்கள் மூன்று வருடம் வேலை பார்த்த அதே தீவு அப்பா.

எதையும் தேடிப் படிக்கவில்லை. வீடியோ காலில் நீங்கள் சொன்னதையே எழுதினேன். விடியும்போது பச்சையாக இருந்து பிறகு நீலமாகிற தண்ணீர். ஹாரன் கேட்காத தெரு. “இம்புட்டு அமைதிய நம்ம திருமங்கலத்துல காசு குடுத்தாலும் வாங்க முடியாது பாப்பா” என்பீர்களே, அதைக்கூட நல்ல தமிழாக்கிச் சேர்த்தேன்.

“நேர்ல போய் இருந்தவ மாதிரி எழுதியிருக்கியே! படிச்சா நானே அங்க குடியேறிருவேன் போலருக்கு” என்றார் அக்கா. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

போனில் கடலைக் காட்டும்போதெல்லாம் பின்பக்கமாகவே நடப்பீர்கள். “ஏங்க, விழுந்துகிழுந்து வைக்கப் போறீக” என்று அம்மா கத்துவாள். “கடல் நல்லாத் தெரியட்டும்னுதான்டி” என்பீர்கள்.

அந்தத் தீவு விடுதியில் உங்களோடு வேலை பார்த்து, ஒரே அறையில் இருந்த டி. கல்லுப்பட்டி முருகேசன் அண்ணன் லீவில் வந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னார். “விருந்தாளிக எந்திரிக்கிறதுக்குள்ள கரையக் கூட்டிறணும் பாப்பா. நம்ம காலடியும் தெரியக்கூடாது. அதான் பின்னாலயே நடந்து அழிச்சுக்கிட்டே வெளிய வருவோம். உங்கப்பாவுக்கு ஒரு கையில வெளக்கமாறு, ஒரு கையில போனு. அதுக்கப்புறம் எங்களுக்குக் கடல்பக்கம் வேலையில்ல. ஒருநா கூட காலை நனைச்சதில்ல, மனுசன்.”

கடைசியாகப் பேசியபோது கேட்டீர்கள், “வந்துரவா பாப்பா?”

எனக்குக் கடைசி செமஸ்டர். முருகேசன் அண்ணன் அப்போது இன்னும் வந்து சொல்லியிருக்கவில்லை. “அம்புட்டு நல்ல எடத்த விட்டுட்டு வந்து இங்க வெயில்ல என்னப்பா செய்யப் போறீங்க? நான் பட்டம் வாங்குறப்ப வாங்க” என்றேன். “அதுவுஞ் சரிதான்” என்றீர்கள்.

மூன்றாம் வாரம் மதுரை விமான நிலையத்தில் உங்களைப் பெட்டியில் இறக்கினார்கள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். அன்றைக்கு உங்கள் குரலில் ஏதாவது இருந்ததா அப்பா? எனக்கு ஏன் கேட்கவில்லை?

முருகேசன் அண்ணன் சொன்னது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. களையெடுக்கிற இடத்தில், “எங்க வீட்டுக்காரரு கடைசிவரைக்கும் சொர்க்கத்துல இருந்தாரு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னிடம், “ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போறியாடி? அவரு நின்ன தண்ணியில நானும் காலை நனைக்கணும்” என்றாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. நான் எழுந்து கை கழுவினேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்பா, நீங்கள் அம்மாவுக்குக் காட்டிய கடலை நான் கலைக்க மாட்டேன். அவளை ஒருநாளும் அங்கே கூட்டிப் போக மாட்டேன். அந்தத் தண்ணீரில் நீங்கள் நின்றதாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். தெரிந்தவளாக நான் ஒருத்தி இருக்கிறேன்.

‘வந்துருங்கப்பா’ என்று சொல்லாமல் விட்ட
உங்கள் பாப்பா