விட்டுப்போன வட்டம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. மந்தைவெளியிலிருந்து அடையாறுக்கு முக்கால் மணி நேரம். கார் ஏ.சி. மறுபடி ரிப்பேர்.

ஓ.பி.யில் பெருங்குடியிலிருந்து ஒரு அப்பா, மகளோடு. மகளுக்கு முப்பத்தொண்ணு, மார்பில் புற்று. "எங்க வீட்ல யாருக்கும் கிடையாது டாக்டர்." சத்தியம் பண்ணாத குறை. உங்க கூடப் பிறந்தவங்க? "ரெண்டு தங்கச்சி. அவங்களைத்தான் கட்டிக் கொடுத்தாச்சே." ரெண்டு பேருமே இப்போ இல்லை. ஒருத்திக்கு மார்பு, இன்னொருத்திக்கு "வயித்துல ஏதோ கட்டி". கட்டிக் கொடுத்துட்டா ரத்தமுமா மாறிடும்னு கத்திட்டேன். பாவம், மனுஷன் கண் கலங்கிட்டார். பரம்பரைப் புற்றுநோய்னு நான் பண்ற ஆராய்ச்சியில் பாதி வேலை இதுதான், குடும்பம் கணக்கில் சேர்க்காத பொம்பளைங்களைத் தேடிப் பிடிக்கிறது.

மதியம் மஞ்சு வந்து கதவைச் சாத்தினாள். எங்கள் பிரிவில் குடும்ப வரலாறு கேட்டு வரைபடம் போடுகிறவள். கையில் என் மரபணு டெஸ்ட் ரிசல்ட். புற்றைக் கொண்டுவர்ற கோளாறு எனக்கும் இருக்கு. அம்மாவுக்குச் சினைப்பையில் புற்று வந்ததும் இதனால்தான் இருக்கணும். எதிர்பார்த்ததுதான். எனக்கு ஸ்கேன், அப்புறம் வராமல் தடுக்க ஆபரேஷன். அது பாட்டுக்கு நடக்கும்.

"கூடப் பிறந்தவங்களுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ். டெஸ்ட் எடுக்கச் சொல்லித் தம்பிக்கு மட்டும்தானே மேடம் லெட்டர்?"

"ஆமா."

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பிரித்தேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்ததால் அம்மாவின் வட்டம் கறுப்பாக. அதற்குக் கீழே நான், தம்பி. அவ்வளவுதான். மஞ்சு கேட்டப்போ நான் வாயால் சொன்னதுதான் அது. யோசிக்கக்கூட இல்லை.

வசந்தி. என் தங்கச்சி. உயிரோடதான் இருக்கா, இதே ஊர்ல.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். வாங்க வேண்டியது: கொசுவத்தி, மோர், பேனா ரீஃபில். மோர் மட்டும் வாங்கினேன்.

சாயங்காலம் தி. நகர், தம்பி செந்திலின் ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடிக்கு இப்பவே மூட்டை மூட்டையாகச் சரக்கு. மூட்டை மேலேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போச்சு. முதலில் எனக்காக, அப்புறம் மகள்களுக்காக.

"பெரியவளுக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கோம்க்கா. இப்ப போய் டெஸ்ட்டுன்னா, வெளியில தெரிஞ்சா எவன் வருவான்?"

"முதல்ல நீ எடுடா. உனக்கு இல்லேன்னா பிள்ளைங்களுக்கு வேண்டியதே இல்ல."

முனகிக்கிட்டே சரின்னான். அப்புறம் வசந்தி பேச்சை எடுத்தேன். பேர் சொல்லியே எத்தனை வருஷம்! அவன் மொபைலைத் திருப்பிக் காட்டினான். 'வசந்தி சைதை'.

ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைக்கு வர்றாளாம். இவன் புடவை எடுத்துக் கொடுக்கிறானாம்.

"அப்பாவுக்குப் பயந்து ஆரம்பத்துல சொல்லல. அப்புறம் உனக்குத்தான் அவ பேச்சே ஆகாதுன்னு நெனச்சேன்."

அப்பா போய் ஒன்பது வருஷம். "இனிமே எனக்கு ரெண்டே பிள்ளைங்க"ன்னு அவர் போட்ட உத்தரவை நான் ஒருத்திதான் இன்னும் காப்பாத்திக்கிட்டிருக்கேன்.

ஜூன் 11, புதன்

ராத்திரி நல்ல மழை, காலையில் தெருவெல்லாம் சேறு. மாணவர்களுக்கு வகுப்பு. தலைப்பு: உறவினர்களுக்குத் தகவல் சொல்வது எப்படி. எப்படித்தான் வாய் கூசாமல் பேசினேனோ.

மத்தியானம் சாப்பாட்டில் வெண்டைக்காய். வசந்திக்கு உயிர். என் தட்டிலிருந்தும் எடுத்துக்குவா. நான் எம்.பி.பி.எஸ். படிக்கிறப்போ என் அனாட்டமி புத்தகத்தை மடியில் வச்சுக்கிட்டு வாத்தியார் மாதிரி கேள்வி கேட்பா. தப்பாச் சொன்னா தொடையில் கிள்ளு. ஒரே கட்டில் எங்களுக்கு. தூக்கத்தில் கால் மேல் கால் போடுவா, எடுத்துவிட்டா மறுபடி போடுவா. இப்போ பெரிய கட்டில், நான் மட்டும்.

அப்பா கடையில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்க வந்த ரவியைக் கட்டிக்கப்போறேன்னு நான் மேல்படிப்பு படிச்ச ஹாஸ்டலுக்கே வந்து சொன்னா. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வரணும்னு கெஞ்சினா. "பரீட்சை இருக்கு வசந்தி"ன்னேன். பரீட்சை இருந்தது வாஸ்தவம். ஆனா அது மறுநாள் மத்தியானம். போயிருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாச்சு.

அவளைப் பார்க்கணும். லெட்டர் கொடுக்க இல்லை. சும்மா பார்க்கணும்.

ஜூன் 13, வெள்ளி

போகாததற்கு என்னிடம் இருக்கும் சாக்குகள்:
மீட்டிங்.
கட்டுரை திருத்தணும்.
செந்திலே சொல்லட்டும்.
லெட்டரைத் தபாலில் போடலாம்.
எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?

கடைசிதான் நிஜம்.

நேத்து சைதாப்பேட்டை வரை போயிட்டுத் திரும்பிட்டேன். மார்க்கெட்டில் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன். வீட்டில் வதங்குது. அவளுக்கு நாப்பத்தாறு. அம்மாவுக்குக் கண்டுபிடிச்சப்போ நாப்பத்தெட்டு. பேஷன்ட்டுக்கு இப்படி நாள் கடத்தியிருந்தா என்னை நானே சும்மா விட்டிருப்பேனா?

ஜூன் 15, ஞாயிறு

போயிட்டு வந்தேன். இப்பவே எழுதிடணும்.

அவ வீட்டு மாடிப்படி முழுக்க ஈரத்துணி. கதவைத் திறந்தவள் அப்படியே நின்னா. உடம்பு போட்டிருக்கா. நரை. அப்புறம் உள்ளே பார்த்துக் கத்தினா: "யோவ், யாரு வந்துகீறாங்க பாரு!"

எங்க வீட்டுப் பேச்சு ஒரு சொட்டு இல்லை. அதுக்கே எனக்கு அழுகை முட்டிக்கிச்சு.

ரவி லுங்கியை இறக்கிவிட்டுக்கிட்டு ஓடி வந்தார். "வாங்க மேடம்."

"இன்னா மேடம்? அக்கான்னு கூப்புடுய்யா. நீ குந்துக்கா."

டீ, முறுக்கு. மகள் படத்தைக் காட்டினா, அப்படியே அம்மா சாயல். காலேஜ் ரெண்டாவது வருஷமாம். வசந்தி பேசிக்கிட்டே இருந்தா, சிரிச்சா, என் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் பார்த்தா. "என்னைப் பார்க்கணும்னு தோணிச்சே உனக்கு!" மூணு தடவை சொல்லிட்டா. ஒவ்வொரு தடவையும் லெட்டர் இருந்த கைப்பை கனத்தது.

கடைசியில் சொன்னேன். எல்லாத்தையும், மெதுவா, பேஷன்ட்டுக்குச் சொல்ற மாதிரியே. வரைபடத்தில் அவளை விட்டதையும் சொன்னேன். ரவி எழுந்து வந்து அவ பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவ கேட்டது ஒண்ணுதான். "இது இல்லேன்னா நீ வந்துருக்க மாட்டே, இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியல வசந்தி"ன்னேன்.

முறுக்குத் தட்டைத் தள்ளி வச்சா. ரவிதான் கேட்டார், ரத்தம் எங்கே கொடுக்கணும், வெறும் வயித்திலயான்னு. வேண்டாம், சாப்பிட்டே வரலாம்னேன். நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்னார். ரிசல்ட் வர மூணு வாரம் ஆகும், வந்ததும் போன் பண்றேன்னு சொன்னேன்.

வாசல் வரை வந்தா. செருப்பை மாட்டிக்கிட்டிருந்தேன்.

"போன்ல சொல்லாத. நீ வந்து சொல்லு."

"வரேன்."

"இன்னொண்ணு கேளு. ஒண்ணும் இல்லேன்னு வந்தாலும், அப்பவும் நீ வரணும்."