நீல டிரம்மிலிருந்து நாலடி

ஜனவரி 11, ஞாயிறு
பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டுச் சொன்னார். பிப்ரவரி முதல் ஞாயிறு எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் வருஷப் பூசை. "ரெண்டு பேர் மோதிரத்தையும் கொண்டாங்க, மந்திரிச்சுத் தரேன்." ஜோசபின் என் விரலைப் பார்த்தாள். ஃபாதரும் பார்த்தார். நான் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

லாக்டவுனில் வேலை இல்லாமல் வீட்டுப் பின்பக்கம் முழுக்கக் கொத்தி, தக்காளி, மிளகாய், கறிவேப்பிலை என்று விவசாயம் பண்ணினேனே, அப்போது எங்கோ கழன்று விழுந்தது. மூன்று தக்காளி காய்த்தது. மோதிரம் போனது. இந்த ஆறு வருஷத்தில் ஜோசபின் ஒருநாளும் திட்டியதில்லை. "ஏங்க, தக்காளி இன்னைக்கு என்ன விலை?" என்று மட்டும் கேட்பாள்.

ஜனவரி 13
கசார்வாடியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே பங்கார் கடை, அதாவது பழைய இரும்புக் கடை, வைத்திருக்கும் பாட்சா பாயிடம் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று வந்திருக்கிறது. "லூர்து அண்ணே, ஒரு மாசம் வச்சுக்கங்க. புதையல் கெடைச்சா எனக்குப் பாதி."
"மோதிரந்தான் பாய் தேடணும்."
"அப்ப எனக்கு ஒண்ணும் வேணாம். அண்ணிகிட்ட யாரு பங்கு கேக்குறது?"

தேஹு ரோடு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. டிடெக்டரின் தட்டு பக்கத்து ஆள் மடியில். அவர் என்னவென்று கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்தார்.

ஜோசபின்: "மிலிட்டரி டிப்போ பக்கம் இதத் தூக்கிட்டுத் திரியாதீங்க. பட்டாளத்தான் புடிச்சு வச்சுக்கிட்டா பூசைல நான் மட்டும் தனியா நிக்கணும்."

ஜனவரி 14
ஆன் பண்ணினேன். தோட்டமே கத்தியது. வீடு கட்டியவன் ஆணியை விதை மாதிரி தூவியிருக்கிறான்.

ஜனவரி 18, ஞாயிறு
யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார், முதலில் காது பழகணுமாம். சின்ன இடம் ஒன்றைச் சுத்தம் செய்து, தெரிந்த சாமானைத் தெரிந்த ஆழத்தில் நாமே புதைத்து, ஒவ்வொன்றும் எப்படிக் கத்துகிறது என்று படிக்கணும். சரி, பத்தாவதுக்கு அப்புறம் ஐடிஐ, ஐடிஐக்கு அப்புறம் இது.

எட்டடிக்கு எட்டடி கயிறு கட்டிச் சுத்தம் செய்தேன். ஒரு டப்பா ஆணி, பாதி ஹாக்ஸா பிளேடு, ஒரு எவர்சில்வர் ஸ்பூன். இந்த ஸ்பூனுக்காக ஜோசபின் பத்து வருஷமாக என் தங்கச்சியைச் சந்தேகப்படுகிறாள். கழுவி ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

கயிற்றுக்கு வெளியே, கறிவேப்பிலை மரத்தடியில் ஒரு மெல்லிய முனகல். குட்கா பாக்கெட்டின் ஃபாயில் தாளாக இருக்கும். முன்னே குடியிருந்தவன் அப்படி. தோண்டவில்லை.

ஜனவரி 19
புதைத்தவை: ஆணி, ஐந்து ரூபாய், சோடா மூடி, குட்கா காகிதம். படமும் வரைந்தாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் எந்த ஜாபுக்கும் முதலில் டேட்டம் பிடிக்கணும். எல்லா அளவும் அந்த ஒரே இடத்திலிருந்துதான். அதில் அரை மில்லி ஆடினாலும் பையன்களை உரித்துவிடுவேன். இங்கே டேட்டம், நீலத் தண்ணீர் டிரம்.

மகள் சோனியா கராடியில் இருக்கும் ஆபீஸிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அரே அப்பா, சிம்பிளா ஒரு போட்டோ எடுங்க நா."
போட்டோவாம். முப்பது வருஷமாக டிராயிங் பார்த்து வேலை செய்கிறவனிடம்!

ஜனவரி 21
தங்கத்தின் சத்தம் தெரியாமல் தங்கத்தை எப்படித் தேடுவது? ஜோசபின் மோதிரம் பீரோவில் பவுடர் டப்பாவுக்குள் இருக்கும். சமையல் கையில் எதற்கு என்று கழற்றி வைத்தது. அதை எடுத்து ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். டிரம்மிலிருந்து நாலடி, மல்லிச் செடியைப் பார்த்து. சத்தமே இல்லை. ரெண்டு நாள் மண் இறுகினால்தான் சரியாகக் கேட்குமாம். வெள்ளிக்கிழமை எடுத்துவிடலாம். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஜனவரி 23, வெள்ளி
ஓவர்டைம்.

ஜனவரி 24
நாலடி அளந்தேன். தோண்டினேன். இல்லை. ஆணி இருக்கவேண்டிய இடத்தில் ஆணியும் இல்லை. அஞ்சு ரூபா இருக்கவேண்டிய இடத்தில் சோடா மூடி! பூமி நகருமா? டேப் தப்பா? நான் தப்பா?

ஜனவரி 25
இல்லை.

ஜனவரி 26
லீவு. டிவியில் பரேடு, தோட்டத்தில் நான். ஆறு குழி. மெஷினுக்கு ஒரு சாண் ஆழம் கேட்காது போல, பாவி மெஷின். நம்ம புத்திக்கு நாலு விரக்கடை பத்தாதாக்கும், ஒரு சாண் கேட்டுச்சோ?

"எதுக்குங்க இத்தனை குழி?"
"வாழை வைக்கலாம்னு."
"தக்காளியத்தான் பாத்தோமே."

இருந்ததே ஒரு மோதிரம். அதையும் புதைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் என்னத்தை நீட்டப்போகிறேன்?

ஜனவரி 30, வெள்ளி
மோதிரம் விரலுக்குச் சேருதா பார்க்கலாம் என்று ஜோசபின் பவுடர் டப்பாவைத் திறந்தாள். சொல்லிவிட்டேன். எல்லாத்தையும்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கம்மா அவங்க வளையல அழிச்சுப் பண்ணிப் போட்டது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு கையை நீட்டினாள். "அந்தப் படத்தக் குடுங்க."
கொடுத்தேன். பார்த்தாள்.
"டிரம்மிலேர்ந்து நாலடி. எந்த டிரம்?"
"நீல டிரம்."
"எங்க இருந்தப்ப?"
"எங்க இருந்தப்பன்னா?"
"குழாய் எட்டலன்னு போன வியாழக்கெழமையே நானும் சோனியாவும் அத இந்தப் பக்கம் தள்ளி வச்சோம். எட்டு நாளாச்சு. கண்ணுல படலியா?"

படவில்லை. இருபது வருஷத்தில் அந்த டிரம்மில் ஒரு வாளி நான் ஊற்றியிருந்தால் பட்டிருக்கும்.

பழைய இடத்தில் வட்டத் தடம் இருந்தது. அங்கிருந்து நாலடி அளந்து, அரைச் சாண் தோண்டியதும் டிடெக்டரை அவளே வாங்கிக் காட்டினாள். மெல்ல முனகியது. இன்னும் நாலு விரக்கடை. மோதிரம்! துடைத்துப் போட்டுக்கொண்டாள். டிடெக்டரைத் திருப்பித் தரவில்லை. அப்படியே ஆட்டிக்கொண்டு கறிவேப்பிலை வரைக்கும் போய்விட்டாள்.

"இங்கயும் அதே சத்தம்."
"அது குட்கா பாக்கெட். விடு."
"அதே சத்தங்க."
"எத்தனை தடவ கேட்டுட்டேன்? ஃபாயில்தான். விடும்மா."

விடவில்லை. சமையல் கரண்டியாலேயே தோண்டினாள். வேர் சுற்றிக்கொண்டு, என் மோதிரம். உள்பக்கம் 'ஜோ'.

ஸ்பூனுக்கு ஒன்றும் சொல்லாதவள் இதற்குச் சிரித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு
பூசை நல்லபடி முடிந்தது. என் மோதிரம் விரல் முட்டியைத் தாண்டி இறங்கவில்லை. ஃபாதர் காத்திருந்தார், கோயிலே காத்திருந்தது. ஜோசபின் பிடித்து ஒரு அழுத்து. இனி கழலாது. வலிக்கிறது.

பிப்ரவரி 15
பாட்சா பாயிடம் இன்னொரு மாசம் கேட்டிருக்கிறோம். பின்தெருவில் யாருக்கோ கொலுசு விழுந்துவிட்டதாம். ஜோசபின் டிடெக்டரோடு போயிருக்கிறாள். என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். "நீங்க வந்து ஃபாயில்னு சொல்லவா?" என்றாள்.

காலை ஆறரைக்குத் தண்ணீர் வந்தது. டிரம்மை நிரப்பிவிட்டேன்.