அம்மன் பாவாடையும் அம்சவேணியும்

17.1.2025, வெள்ளி

தை முதல் வெள்ளி. வீட்டு அம்மனுக்குப் புதுப் பாவாடை சாத்தினேன். ஒரு சாண் உயரம்கூட இல்லாத விக்கிரகம். தையல் கடையில் வீணாகக் கிடந்த பட்டுத்துண்டில், கையாலேயே கொசுவம் பிடித்துத் தைத்தது. மூன்று சாயங்காலம் பிடித்தது.

எதிர்வீட்டு அம்சவேணி சுண்டல் வாங்க வந்தவள் நகரவே இல்லை. "நீயா தச்ச? கடைல வெச்சா பிச்சிக்கினு போவாங்கபா" என்றாள். போனில் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

எதற்கு இரண்டு?

20.1.2025

அந்தப் போட்டோவை அம்சவேணி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். கேட்கவே இல்லை. 'எங்க காவேரி கைவேலை' என்று எழுதி என் நம்பரையும் போட்டிருக்கிறாள். எங்க காவேரியாம். இட்லிப் பானையை இரவல் வாங்கி எட்டு மாதம் திருப்பித் தராதவள்.

தெரியாதவர்கள் மூன்று பேர் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை.

2.2.2025

"நீ போன் எடுக்கலன்னு எனக்குப் பண்றாங்க. தனியா ஆரம்பிபா. அடுத்தவங்க கடைல பிளவுஸ் தச்சிக்கினே எத்தினி வருஷம் இருப்ப?" அம்சவேணிதான். இதில் அவளுக்கு என்ன லாபம்? அவள் வீட்டிலும் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு ஷூ மாட்டிக்கொண்டே, "உனக்கு யார் மேலதான் சந்தேகம் இல்ல?" என்று கேட்டார்.

பதில் இருக்கிறது. வடிவாம்பாள் அக்கா மேல் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் கடையில்தான் தைக்கிறேன்.

5.2.2025

அக்காவிடம் யோசனை கேட்டேன். பாவாடையையும், துணியை வெட்ட அளவுக்கு நறுக்கிவைத்த பேப்பர் கட்டிங்கையும் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் திருப்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஓடாது காவேரி. ஆசைக்கு நாலு பேரு கேப்பாங்க, அப்புறம் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கைல இருக்குற வேலைய வுட்டுட்டு நிக்காத."

கேட்டதும் எவ்வளவு நிம்மதி. உள்ளதைச் சொல்கிற மனுஷி. கட்டிங்கை எடுக்கப் போனபோது, "இருக்கட்டும், எங்க வீட்டு அம்மனுக்கு ஒண்ணு தச்சிப் பாக்கறேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

11.2.2025

அம்சவேணி விடவில்லை. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நாமகிரி மாமியைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். மாமி மடியில் துணிப்பையில் தாயார் விக்கிரகம். எப்படி மாட்டேன் என்பது? அமர்ந்த கோலம். என் பழைய அளவு எதுவும் உதவாது. நூல் வைத்து அளந்து முதலிலிருந்து வெட்ட வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான். இத்தோடு சரி.

3.3.2025

மாமி வந்து வாங்கிக்கொண்டார். தாயாருக்கு உடுத்திப் பார்த்துவிட்டு, "நின்ன கோலத்துக்கு நீ தச்சதெல்லாம் சன்னிதித் தெருக் கடையிலே தொங்கறதே! ஆனா அதுலே இந்த நேர்த்தி இல்லைம்மா" என்றார்.

நான் எந்தக் கடைக்கும் கொடுக்கவில்லையே.

அதுக்குத்தான் இரண்டு போட்டோவா!

அதே நாள், சாயங்காலம்

கத்திவிட்டேன். தெருவே பார்க்க அவள் வாசலில் நின்று. "சிரிச்சிக்கினே வந்து என் கைவேலைய வித்துத் துன்னுட்டியே" என்றேன். இன்னும் என்னென்னவோ.

அவள் கையெல்லாம் கோதுமை மாவு. குரலே உயரவில்லை. "எனக்கு ஹூக்கு வைக்கவே வராது காவேரி. அந்த மெஷின் மாமியாருது. பெல்ட் அறுந்து ஆறு வருஷம் ஆவுது." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொய். பொய்யாகத்தான் இருக்கணும். இல்லன்னா நான் —

6.3.2025

சன்னிதித் தெருக் கடைக்கு நேரில் போனேன். பூஜை சாமான் கடை. கடைக்காரர் ஆனந்தகுமார் வாசலிலேயே பாவாடைகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். என் வெட்டு. கொசுவம் மட்டும் மெஷினில் ஓட்டியது.

"யார் குடுத்தாங்க?"

"உங்க கடைலேர்ந்துதான்மா. வடிவாம்பாள் அம்மா முப்பது பீஸ் அனுப்புனாங்க. உங்கள அங்க பாத்திருக்கேன், நீங்கதான் தச்சீங்கன்னு நெனச்சேன்."

சைக்கிளை அவர் கடை வாசலிலேயே மறந்துவிட்டு, பிள்ளையார்பாளையம் வரை நடந்தே வந்திருக்கிறேன்.

செய்யாதே என்றவரை நம்பினேன். செய் என்றவளைத் திட்டினேன். செய்யாதே என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேனா?

7.3.2025

அக்காவிடம் கேட்டேன். நான் சத்தம் போடவில்லை. பிளவுஸை இஸ்திரி போட்டுக்கொண்டே, "அதுக்கின்னாடி இப்போ? நீதான் செய்யலயே. கட்டிங்கு சும்மாதானே கெடந்துச்சு" என்றார்.

மேஜை டிராயரிலிருந்து என் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். "நாளையிலேர்ந்து வரல அக்கா." அப்போதும் அக்கா என்றுதான் வாயில் வந்தது.

8.3.2025

பயமாக இருக்கிறது.

9.3.2025

அம்சவேணி வீட்டுக் கதவை மூன்று முறை தட்டிய பிறகு திறந்தாள். மெல்லச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"திட்டுனது தெருவுக்கே கேட்டுச்சி. மன்னிப்பு மட்டும் காதுல சொல்றியா?"

படியிறங்கித் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டார். அம்சவேணி சிரிக்கவில்லை. "செரி, போ. எனக்கு ரெண்டு நாள் ஆவும்."

20.3.2025

பதினோரு நாள் ஆனது. காலையில் வந்தாள். இட்லிப் பானையோடு.

14.4.2025

சித்திரை முதல் நாள். வாசலில் போர்டு மாட்டியாயிற்று: 'அளவெடுத்து அம்மன் பாவாடை தைத்துத் தரப்படும்.' அவர் ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார், கோணலாக.

ஒரு அம்மன் கையில் கிளி, ஒரு அம்மன் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? கடையில் வாங்கியது சேரவில்லை என்று இதுவரை ஆறு பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். ஆனாலும் அக்காவின் முப்பதும் விற்றுவிட்டதாம். விற்கட்டும் என்று எழுதத்தான் ஆசை. மனசு வரவில்லை.

16.7.2025

ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டே நாள். விக்கிரகத்தை வீட்டைவிட்டு வெளியே எடுக்க மாட்டோம் என்றார்கள், அதனால் அளவெடுக்க மாகறல் போய்வந்தேன். போன் ஓயாமல் அடிப்பதால் அம்சவேணியிடம் விட்டுப்போயிருந்தேன். ஆர்டர் பேசுவது இப்போது அவள்தான்.

வந்ததும் யார் யாரிடம் பேசியிருக்கிறாள் என்று பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். தெரியாத நம்பர் ஒன்று, இருபத்திரண்டு நிமிஷம். மறுபடி அதே சந்தேகம்.

கேட்டேவிட்டேன். "இருபத்திரண்டு நிமிஷம் இன்னாபா பேசின?"

"ஏனாத்தூர்ல ஒரு அம்மா. அவங்க அம்மனுக்கு எட்டுக் கையாம். கை பாவாடைல எங்க வருதுன்னு ஒவ்வொண்ணா அளவு சொன்னாங்க, எழுதிக்கினேன்" என்று காகிதத்தை நீட்டினாள்.

எட்டு வரி. ஏழாவது கையை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தியிருந்தாள். நாளைக் காலை முதலில் அந்தப் பாவாடையைத்தான் வெட்ட வேண்டும்.