தந்தை பெயர்: தெரியாது

1964 பிப்ரவரி 11, செவ்வாய்

குழாய் உறைந்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சுற்றி உருக்கினேன். உருளைக்கிழங்கு சூப், நேற்றைய ரொட்டி.

மாலையில் வில்மா படியேறி ஓடி வந்தாள். முப்பத்து மூன்று வயதில் இப்படியா ஓடுவது என்று கேட்க வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. டெலிபோன் நிலையத் தேர்வில் தேறிவிட்டாள். நிரந்தர வேலை. "நீங்க தந்தி அடிச்ச அதே கட்டடம்ப்பா!" என்றாள். அதே கட்டடம்தான். நான்கு ஆண்டுகள் போர்முனையில் தந்திக் கம்பி இழுத்துவிட்டு வந்தவன் என்று அங்கே எழுத்தராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1936இல் ஜிப்ஸி ரத்தம் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

ஒன்று பாக்கி. அரசு வேலை என்பதால் அவள் ஜெர்மன் குடிமகள் என்பதற்குச் சான்று வேண்டும், இந்த மாத முடிவுக்குள். தகப்பன் எந்த நாடோ மகளும் அந்த நாடு. என் தாள்களை 1943இல் ரயிலில் ஏற்றும்போது பிடுங்கிக்கொண்டார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்து கேட்டபோது 'நாடற்றவர், அனுமானமாக' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் தகராறு செய்யவில்லை. எனக்குத் தகராறு செய்யத் தெரியாது. ஆகவே வில்மாவும் அனுமானமாக நாடற்றவள்.

நாளை மறுநாள் நகர அலுவலகம் போக வேண்டும். சட்டையைத் தேய்த்து வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

பாய்ம்லர் என்ற இளைஞர். மரியாதையானவர், நாற்காலி போட்டார். "ரொம்பச் சுத்தமா ஜெர்மன் பேசுறீங்களே பெரியவரே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்."

"அது சரி. அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் என்றால்? தாய் வயிற்றிலா?

இங்கே பிறந்தால் மட்டும் போதாதாம். "ரத்தம்தாங்க கணக்கு. 1913 சட்டம். உங்க அப்பா, அவரோட அப்பா ஜெர்மன்காரங்களான்னு தெரியணும். அவ்வளவுதான்." அன்று இந்த அலுவலகங்களில் என் ரத்தம் சரியில்லை என்றார்கள். இன்று அது போதவில்லை என்கிறார்கள்.

பிறகு தட்டச்சில் தாளைச் செருகிக்கொண்டு கேட்டார்: "அப்பா பேரு?"

ஜிப்ஸி என்று இவர்கள் சொல்லும் எங்கள் சின்டி ஜனம் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்குள்ளேயே சொல்வதில்லை, அந்நியர் மேசையில் சொல்வதென்பது அவர்களை அங்கே இழுத்து வந்து நிறுத்துவதற்குச் சமம். நான் படித்தவன். இதை விளக்கியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியாதுங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடித்தார். தாளை என் பக்கம் திருப்பினார். 'தந்தை பெயர்: தெரியாது.' பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன்? மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேனா நீண்டால் என் கை தானாக நீள்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

வில்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அப்பா பேரு தெரியாதுன்னா கையெழுத்து போட்டீங்க?" முதலில் மெதுவாகத்தான் கேட்டாள். பிறகு, "அப்பன் பேர் தெரியாதவனோட மகளை எந்த ஆபீஸ்ல சேர்த்துப்பாங்க? சொல்லுங்க!" என்று தட்டைத் தள்ளினாள். தட்டு உடையவில்லை.

பிறகு தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு: "எனக்கும் தெரியாதே அது. தாத்தா பேரு. நான் கேட்டதே இல்ல."

ஆமாம், அவள் கேட்டதில்லை. கேட்கக்கூடாதென்று வளர்த்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரோசினா அக்கா ஆப்பிள் கேக்கோடு வந்தாள். எழுபத்தாறு வயது. எங்கள் வீட்டில் திரும்பி வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்: அவள், நான், அவள் பாவாடைக்குள் ஒளிந்து பிழைத்த வில்மா.

"நல்லா பண்ணுனே தம்பி. வாயைத் திறக்கலையே, அது போதும்."

"அத்தை, உங்களுக்கென்ன? நீங்களா வேலைக்குப் போகப்போறீங்க?"

"வேலை! அவங்க கிட்ட வேலை பார்த்தானே உன் அப்பன், நெஞ்சுல பதக்கம் வேற. அதுக்காக அந்த வண்டியில ஜன்னல் சீட்டா குடுத்தாங்க?"

வில்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அந்த வண்டியில் ஜன்னலே கிடையாது.

பிறகு அக்கா சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "திரும்பிப் போய் பேரைச் சொன்னேன்னு வை, என் முகத்துல முழிக்காத. அவங்க எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இது ஒண்ணுதான் அவங்க கிட்ட இல்ல."

பிப்ரவரி 18, செவ்வாய்

சவரக் கண்ணாடி முன் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்கா சொல்வது சரியா, வில்மா சொல்வது சரியா? இருவரும் சரி என்றே தோன்றுகிறது. எப்போதும் எனக்கு இப்படித்தான்.

வியாழன் போவேன்.

பிப்ரவரி 20, வியாழன்

போனேன்.

பாய்ம்லர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். வயிறு பெருத்து, தலை நரைத்து. நான் அடையாளம் காணவில்லை. அவன் கண்டுகொண்டான். "அடடே, வா வா தந்திக்காரா! இன்னும் இருக்கியா நீ?"

ட்ரென்க்ளே. 1938இல் இன ஆராய்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நிற்க வைத்துத் தலையை அளந்தார்களே, அப்போது அவர்களோடு வந்த போலீஸ்காரன். இப்போது இந்த அலுவலகத்தில் எங்கள் ஆட்களின் விவகாரம் அவன் பொறுப்பு. அனுபவசாலியாம்.

நான் வாய் திறக்கும் முன் அவனே பேசினான். "உங்க ஆளுங்க செத்தவன் பேரைச் சொல்ல மாட்டீங்கல்ல? எனக்குத் தெரியாதா அது? இந்தச் சின்னப் பையனுக்குத்தான் தெரியல. நான் சொல்லட்டுமா?"

சொன்னான். விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். அப்பா பெயர். தாத்தா பெயர். அவருக்கு மேலே இன்னும் இருவர் பெயர். ஒவ்வொருவரும் பிறந்த ஊர். எல்லாம் நெக்கார் ஆற்றங்கரை ஊர்கள். பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அவன் வாயில் அந்தப் பெயர்கள். வாயோரத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"உன் அப்பன் பொறந்தது ஆயிரத்து எண்ணூத்து அறுபத்தொண்ணு, அக்டோபர்."

"நவம்பர்" என்றேன்.

அது என் குரல். எழுபத்தொரு வயதில் ஓர் அதிகாரியை முதல் முறையாகத் திருத்தினேன். திறந்த வாய் பிறகு மூடவில்லை. அப்பா பெயரை நானே சொன்னேன், அவன் வாயிலிருந்து பிடுங்குவதுபோல. தாத்தா பெயரை. பிறகு யாரும் கேட்காத அவள் பெயரை, வில்மாவின் அம்மா பெயரை. திரும்பி வராத மற்ற மூன்று பிள்ளைகளின் பெயர்களை, மூத்ததிலிருந்து கடைசி வரை. பாய்ம்லர் தட்டச்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ட்ரென்க்ளே சிரித்தான். "குறிச்சுக்கோ பாய்ம்லர். ஐயாவுக்கு எல்லாம் தெரியுது. அப்போ போன வாரம் தெரியாதுன்னு போட்ட கையெழுத்து? பொய்."

"எல்லாரும் இங்கயே பொறந்தவங்கன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க?" என்றேன்.

"நான் சொன்னது வேற கணக்குப்பா. அது உங்களைப் புடிக்கறதுக்குப் போட்ட கணக்கு. குடியுரிமைக்கு அது செல்லாது."

பாய்ம்லர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

தெரிந்தேதான் அக்டோபர் என்றானோ?

பிப்ரவரி 21, வெள்ளி

அக்காவுக்கு நானே போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 9, திங்கள்

முடிவு வந்துவிட்டது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதால் என் வார்த்தை நம்பத்தக்கதல்ல. குடியுரிமை மறுக்கப்படுகிறது. கீழே என் நிலை: நாடற்றவர். முன்பு இருந்த 'அனுமானமாக' இப்போது இல்லை. அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து தலைமுறையாக இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள். தலையளக்க வந்தவன் இந்த ஊர்க்காரனாக இருக்கிறான்; அளக்கப்பட்டவன் இல்லை.

வில்மாவின் இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் அவள் அந்தக் கட்டடத்துக்குத்தான் போகிறாள், தரை துடைக்க. "வாளியைத் தூக்கறதுக்கு எந்த நாடா இருந்தாலும் பரவாயில்லையாம்ப்பா" என்றாள். சிரிக்கச் சொன்னாளா, அழச் சொன்னாளா, தெரியவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "அவனுக்குத் தெரியும். அந்தச் சின்ன ஆபீசருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. சொல்லுங்க."

சொன்னேன். இந்த முறை குரல் வரத் தாமதமானது. அவள் அவசரப்படுத்தவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வரவில்லை. இது எத்தனையாவது ஞாயிறு என்று எண்ணப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வெளிநாட்டவர் அலுவலகம். நாடற்றவர்களுக்கென்று கொடுக்கும் எங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் நாள். வரிசையில் ஒரு கிரேக்கர், இரண்டு துருக்கியர், நாங்கள். துருக்கியரில் ஒருவர் எனக்கு இடம்விட்டு, "எந்த ஊரு தாத்தா?" என்று உடைந்த ஜெர்மனில் கேட்டார். "இந்த ஊரு" என்றேன். நல்ல வேடிக்கை என்று முதுகில் தட்டினார்.

அக்காவும் வந்திருந்தாள். சுவரோரப் பெஞ்சின் மறுகோடியில், கைப்பையை மடியில் அணைத்தபடி. என்னைப் பார்க்கவில்லை.

வில்மா முறை வந்தது. சாளரத்துக்குப் பின்னால் புதுப் பெண். "அப்பா பேரு?"

"லெயோபோல்ட் ஷ்னெக்" என்றாள், என்னைக் காட்டி. அத்தோடு நிறுத்தவில்லை. அவருடைய அப்பா என்று சொல்லி அந்தப் பெயரைச் சொன்னாள், பிறந்த ஊரோடு, நவம்பரோடு. அவருடைய அப்பா. பிறகு தன் அம்மா. பிறகு தம்பிகள், தங்கை. கூடம் முழுவதும் கேட்டது. கிரேக்கர் தொப்பியைக் கழற்றினார், என்ன புரிந்ததோ.

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா."

"இல்லன்னு தெரியும். நீங்க முத்திரை குத்துங்க. நான் சொல்லி முடிச்சுடறேன்."

வெளியே போய்விடலாமா என்று திரும்பினேன். பெஞ்சில் அக்கா கண்ணை மூடியிருந்தாள். கைப்பையின் பட்டையை விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள். கதவு அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் திறந்தேதான் இருந்தது.

எழுந்து போகவில்லை. கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தாள்.