ராசா பெயர் போட்ட நீல வண்டு

13.02.95 திங்கள்
கடும் குளிர். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடி வகுப்போடு மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள் எகிப்து வண்டு. நகத்தளவு, நீல மினுக்கம், வயிற்றில் ராசா அமென்ஹோதெப், ராணி தியி பெயர்கள். ராசாவுக்கு வண்டி இருந்ததோ தெரியாது, வண்டு இருந்தது. அதுவும் சாணி உருட்டும் சாதி. அந்தப் பெயர் போட்ட வண்டைக் கட்டினால் காவலாம். கடையில் அதே மாதிரி ஒரு நகல் வாங்கினேன்.

என்ன அது என்று அம்மா கேட்டார். கோயிலுக்கு வந்த சாமியார் தந்தது, வயிற்றில் மந்திரம் என்றேன். பாலில் கழுவிச் சாமித்தட்டில் வைத்துவிட்டார். பிள்ளையாரின் எலிக்குப் பக்கத்தில். பார்க்கிங் நெருக்கடி. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

15.02 புதன்
தட்டில் வண்டு இல்லை.
அண்ணா பாங்கொக்கில். யாரோ ஒருவரின் பாஸ்போட்டில் இங்கே வரும் பிளேனில் ஏறக் காத்திருக்கிறான். பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் இருக்கும், அங்கே பறக்கிற ஒருவரிடம் அம்மா வண்டைக் கொடுத்துவிட்டார். சிவப்புத் துணியில் தைத்து, அண்ணாவின் கையில் கட்ட.
எயார்போட்டில் துணியைப் பிரித்து, இது என்ன என்று கேட்டால்? அவன் என்ன சொல்வான்? வாய் திறந்தால் பாஸ்போட் பொய்யும் வெளியே வரும்.
உண்மையைச் சொல்லப் போனேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இண்டைக்குத்தானடா சோறு இறங்குது" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

18.02 சனி
அண்ணாவின் போன். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். கக்கிவிட்டேன்: மந்திரமில்லை, மியூசியக் கடைச் சாமான், செத்த ராசா ஒருவரின் பெயர்.
அந்தப் பக்கத்தில் சிரிப்பு.
"பாஸ்போட்டிலை ஒருத்தன்ர பேர், கையிலை ராசான்ர பேர். என்ர பேர் எங்கையடா?"
"பகிடி விடாதை அண்ணா. கழட்டு."
"அம்மா கட்டச் சொன்னது. கழட்ட மாட்டன். நாளைக்கு ஏறுறன். அவவுக்குச் சொல்லிப்போடாதை."

21.02 செவ்வாய்
போன் இல்லை. அண்ணாவை ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரனும் எடுக்கிறானில்லை. அம்மா வேலைக்குப் போகவில்லை, நானும் பள்ளிக்குப் போகவில்லை.
சோறு அப்படியே.
வண்டின் வயிற்றில் இருந்த மந்திரம் என்னவென்று அம்மா கேட்டார். வேறு எதையாவது அவிழ்த்துவிட்டிருக்கலாம். எனக்கு வந்தது அந்த இரண்டு பெயர்கள்தான்.
விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டார். ஓம் அமென்ஹோதெப். ஓம் தியி. எங்கள் டீச்சருக்கே அவ்வளவு சுத்தமாக வராது.
சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவதாக அண்ணாவின் பெயரை மெல்லச் சேர்த்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.
அடுத்த முறை அவரும் சொன்னார்.